யாழ்ப்பாணத்து முற்றத்தில் ஊசியிலை மரம் நிற்குமா?

2022 மே 21, வாசகர் கேள்வி, சுண்டுக்குளியிலிருந்து

வணக்கம் அக்கா. போன மாதம் வீடு குடிபூரல் முடிந்தது. வளவு இரண்டு பரப்பு. வாசலின் இரு பக்கமும் நத்தார் மரம், மதிலோரம் வரிசையாகச் சைப்பிரஸ் வைக்க வேண்டும் என்பது மனைவியின் ஆசை. கன்று விற்பவர் "பிரச்சினை இல்லை, நாளுக்கு இரண்டு தரம் தண்ணி விடுங்கோ, காணும்" என்கிறார். மாமா "அது நுவரெலியாக் குளிருக்கு வளருற மரம், இந்த வெயிலுக்கு ஒரு வருசமும் தாங்காது, காசைக் கரியாக்காதே" என்கிறார். யார் சொல்வது சரி?

2022 மே 21, மாலை

இரண்டு பேர் சொல்வதும் பிழை.

நீர்வேலியில் எங்கள் வளவில் ஒரு நத்தார் மரம் நிற்கிறது. அம்மா 1989இல் நட்டது. பக்கத்துத் தென்னையைத் தாண்டிப் போய்விட்டது. 33 சித்திரை வெயிலைப் பார்த்த மரம் அது. எனவே மாமாவிடம் சொல்லுங்கள், வெயில் இதைக் கொல்லாது. நாங்கள் நத்தார் மரம் என்று வாங்குவது நுவரெலியாவில் பார்க்கும் சைப்பிரஸ் சாதி அல்ல. அது அரோக்கேரியா. அதன் சொந்த ஊர் பசிபிக் கடலில், அவுஸ்திரேலியாவுக்குக் கிழக்கே இருக்கும் நோர்போக் என்ற சின்னத் தீவு. 1774இல் கப்டன் குக் அங்கே இறங்கியபோது இந்த மரங்களைக் கண்டு, பாய்மரத்துக்கு உதவும் என்று குறித்து வைத்தார். கடற்காற்றும் உப்பும் அதற்குப் பிறந்த வீட்டுச் சாமான்.

கன்று விற்பவருக்கு என்ன சொல்வது என்பதற்கு ஒரு கதை. 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்ததே, அந்த இரவு நாங்களும் போனோம். நான் சின்னப் பிள்ளை. அம்மா கடைசியாகச் செய்த வேலை, கிணற்றில் இரண்டு வாளி அள்ளி அந்த மரத்துக்கு ஊற்றியது. அப்போது அதற்கு ஆறு வயது, என்னைவிடக் கொஞ்சம் உயரம். திரும்பி வந்தது 1996 மே மாதம். கதவு நிலை இல்லை, யன்னல் இல்லை, வாழைத்தோட்டம் சருகு. மரம் பச்சையாக நின்றது. அந்தக் கார்த்திகை, மார்கழி மழை குடித்ததோடு சரி. பிறகு மாசி, பங்குனி, சித்திரை முழுக்க ஒரு சொட்டு இல்லை. அம்மா பைகளை இறக்கி வைக்காமலே போய் அதன் தண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வேர் இறங்கிவிட்ட மரத்துக்கு நாளுக்கு இரண்டு தரம் தண்ணீர் தேவையே இல்லை. அப்படி விட்டால் வேர் அழுகித்தான் சாகும்.

எங்கள் மரம் தெற்கே சற்றுச் சரிந்திருக்கிறது. வாடைக்காற்று தள்ளிய சரிவு. அதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

2022 மே 22

காரைநகரிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்? கசூரினாக் கடற்கரையில் சவுக்கு தானாக நிற்கிறதே. அதுவும் ஊசியிலை மரம்தானே?"

பார்வைக்கு அப்படித்தான். ஆனால் அல்ல. சவுக்குக்குப் பூப் பூக்கும். கூம்பு போலத் தெரிவது உண்மையில் அதன் காய்த்திரள். ஒரு சவுக்கு "ஊசி"யைப் பிடுங்கி இரண்டு விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். சின்ன முறிப்புச் சத்தத்தோடு கணுவில் கழன்று வரும். கழன்ற இடத்தை வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் 6 முதல் 8 வரை பல் பல்லாகத் தெரியும். அந்தப் பற்கள்தான் இலை. பச்சையாக நீளமாக இருப்பது கிளை. பைன் ஊசியோ நத்தார் மரத்து ஊசியோ இப்படிக் கழலாது.

இலங்கைக் காடுகளில் இயல்பாக வளரும் ஊசியிலை மரம் ஒன்றுமே இல்லை. மலைநாட்டில் பார்க்கும் பைன், சைப்பிரஸ் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை.

சவுக்கை நான் குறைவாக நினைக்கவில்லை. வேரில் வாழும் நுண்ணுயிரின் உதவியோடு காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்துத் தானே பசளை செய்துகொள்ளும் மரம் அது. வெறும் கடல்மணலில் நிற்பதன் இரகசியம் அதுதான். தீவுப்பகுதியில் வளவு இருந்தால், கிணறும் சவராக இருந்தால், சவுக்கே நடுங்கள்.

2022 ஜூன் 9

சோளகம் தொடங்கிவிட்டது. சுண்டுக்குளித் தம்பி கன்று வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறார். இப்போது நட வேண்டாம். தென்மேற்கிலிருந்து நாள் முழுக்க அடிக்கும் இந்தக் காய்ந்த காற்று, வேர் குடிப்பதைவிட வேகமாக இலையிலிருந்து நீரை உறிஞ்சிவிடும். ஊசி நுனி பழுப்பாகும், நாங்கள் தண்ணீர் காணவில்லை என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றுவோம். வீட்டின் வடகிழக்கு மூலையில், காலை வெயில் மட்டும் படும் இடத்தில், சாடியோடு ஐப்பசி வரை வைத்திருங்கள். மறைப்பு இல்லையென்றால் இரண்டு கிடுகு சாத்தினால் போதும்.

2022 ஜூன் 30

படம் பார்த்தேன். தம்பி, அது ஒரு கன்று இல்லை, நான்கு கன்று. தண்டடியில் மண்ணைக் கிளறிப் பாருங்கள். அடர்த்தியாகத் தெரிவதற்காக ஒரே சாடியில் நான்கைந்து விதை போட்டு வளர்ப்பது இந்த வியாபாரத்தில் எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். மேசையில் வைக்கும் அலங்காரச் செடிக்கு அது சரி. நிலத்தில் நடப்போகும் மரத்துக்குச் சரியில்லை.

நான் 2011இல் இப்படி ஒரு சாடி வாங்கி, நான்கும் உயிர்தானே என்று வேரைப் பிரித்து நான்கு இடத்தில் நட்டேன். பின்னியிருந்த வேரை இழுத்துப் பிரித்ததில் பாதி அறுந்தது. மூன்று போய்விட்டன. இப்போது செய்வதென்றால், ஆக நேராக, ஆகத் தடிப்பாக நிற்கும் ஒன்றைத் தெரிந்து, மற்ற மூன்றையும் மண்மட்டத்தோடு கத்தரிக்கோலால் வெட்டிவிடுவேன். பிடுங்க மாட்டேன். மனம் வராதுதான். ஆனாலும் செய்யுங்கள்.

2022 ஜூலை 17

தண்ணீர் பற்றி மே மாதம் நான் எழுதியதைத் திருப்பி வாசித்தேன். அவசரமாக எழுதிவிட்டேன். தண்ணீரே வேண்டாம் என்று சிலர் விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். நட்டு முதல் இரண்டு கோடைக்கும் நீர் கட்டாயம் வேண்டும். ஐந்து நாளுக்கு ஒருதரம், இரண்டு வாளி, அவசரமில்லாமல், ஆழமாக இறங்கும்படி. தினமும் மேல்மண்ணை மட்டும் நனைத்தால் வேரும் மேலேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். மூன்றாம் வருடம் விட்டுவிடலாம். சாடியில் நிற்பது வேறு கதை, அதற்கு மண் தொட்டுப் பார்த்துத்தான் விட வேண்டும்.

இன்னொன்று, எங்கள் கிணற்று நீர். தேத்தண்ணிக் கேத்திலின் உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதே சுண்ணாம்புதான் சாடி மண்ணிலும் படிகிறது. யாழ்ப்பாணத்துக்குக் கீழே முழுவதும் சுண்ணக்கல், தண்ணீர் அதற்குள் கிடந்துதான் வருகிறது. காரம் கூடின மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. புதுத்தளிர் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் வரும். நத்தார் மரம் ஓரளவு தாங்கும். போடோகார்பஸ் என்று ஒன்று, நீட்டுநீட்டு இலையோடு, மதில் ஓரத்துக்கு நல்லது என்று இப்போது விற்கிறார்களே, அது தாங்காது. என்னுடையது இரண்டு வருடம் மஞ்சளாகவே நின்றது. துருப்பிடித்த ஆணி புதைக்கச் சொன்னார்கள், புதைத்தேன், ஒரு மாற்றமும் இல்லை. பிறகுதான் விளங்கியது: ஆணியின் இரும்பும் அந்த மண்ணில் கரையாமல் அப்படியே கிடக்கும். ஈ.டி.டி.எச்.ஏ. என்று போட்ட இரும்புச் சத்துத்தான் சுண்ணாம்பு மண்ணில் வேலை செய்கிறது. அதைவிட, கூரையில் விழும் மாரித் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்து வைத்துச் சாடிச் செடிகளுக்கு விடுவது நல்லது. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

2022 ஒக்டோபர் 18

முதல் மழை விழுந்துவிட்டது. இனி நடலாம்.

கிடங்கு வெட்டும்போது நடந்ததைத் தம்பி எழுதியிருக்கிறார்: ஒன்றரை அடியில் அலவாங்கு "ணங்" என்று நின்றதாம். சுண்டுக்குளியில் அப்படித்தான் இருக்கும். நீர்வேலிச் செம்மண்ணில் எங்களுக்குக் கொடுப்பினை, ஆழமாக இறங்கலாம். கல் முட்டினால் அதில் கிண்ணம் மாதிரி ஒரு குழி குடைந்து மண் நிரப்பி நடாதீர்கள். அது சீமெந்துத் தொட்டியில் நட்டதற்குச் சமம். முதலில் கிடங்கை நீரால் நிரப்பி ஓர் இரவு விடுங்கள். விடியற்காலை நீர் நின்றால் இடத்தை மாற்றுங்கள், அல்லது அலவாங்கால் கல்லின் வெடிப்பைத் தேடிப் பிளவுங்கள். சுண்ணக்கல்லில் எங்காவது ஒரு வெடிப்பு இருக்கும். மண்ணிறமாக, கொஞ்சம் ஈரமாக, சில இடத்தில் பழைய வேப்பம் வேர் ஒன்று அதற்குள் நூல் மாதிரிப் போயிருக்கும். அதைக் கண்டால் அங்கேயே நடுங்கள். வேம்பு போன வழியில் இதுவும் போகும்.

கிடங்கு ஆழத்தைவிட அகலம் முக்கியம், மூன்று அடியாவது. தண்டும் வேரும் சேரும் இடம் நிலமட்டத்தில் நிற்க வேண்டும், ஒரு விரற்கடை மேலே நின்றாலும் பரவாயில்லை, கீழே போகக்கூடாது. சாடிக்குள் வட்டமாகச் சுற்றிய வேரைக் கத்தியால் நாலு பக்கமும் மேலிருந்து கீழே கீறிவிடுங்கள்.

இரண்டு மரம் வேண்டாம், ஒன்று போதும். இரண்டு பரப்பு என்றால் 5,445 சதுர அடி. வீடு, கிணறு, மலசலகூடக் குழி, மதில், மின்கம்பி எல்லாம் அதற்குள். சொந்தத் தீவில் இது 50 மீற்றருக்கு மேல் போகும் மரம். இங்கே அவ்வளவு போகாவிட்டாலும் வாசலில் நிற்கும் அழகு பத்து வருடத்துக்குத்தான், அதற்குப் பிறகு வாசலே அதற்குள். சுவரிலிருந்தும் குழியிலிருந்தும் 20 அடி விடுங்கள்.

2022 ஒக்டோபர் 19

எரு எங்கே என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். கிடங்குக்குள் வேண்டாம். பச்சை மாட்டெரு வேரைச் சுடும், கறையானையும் கூப்பிடும். வெட்டியெடுத்த மண்ணையே திருப்பிப் போடுங்கள். உக்கிய ஆட்டெரு இருந்தால் மேலே வட்டமாகத் தூவுங்கள், தண்டைத் தொடாமல். அதற்கு மேல் தென்னந்தும்பு அல்லது சருகு, அதுவும் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.

2023 பெப்ரவரி 11

மதிலோரம் வரிசை பற்றிக் கேட்டிருந்தீர்கள், நத்தார் மரத்திலேயே நின்றுவிட்டேன்.

சைப்பிரஸ் என்று இங்கே விற்பது பெரும்பாலும் சீனத் துயா. இலைக் கொத்து தட்டையாக, நிமிர்ந்து, புத்தகத் தாள்களை நிறுத்தி வைத்ததுபோல் இருக்கும். பிஞ்சுக் கூம்பு சாம்பல் பூசிய நீலப்பச்சை, அதில் சின்னக் கொம்புகள். இதைக் கண்டால் தைரியமாக வாங்குங்கள். சுண்ணாம்பு மண்ணையும் வரட்சியையும் தாங்கும் சாதி. மூன்று அடிக்கு ஒன்று.

வெட்டுவதில்தான் ஆபத்து. 2018இல் எங்கள் வரிசை பாதைப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. கூலிக்கு வந்தவரிடம் "கொஞ்சம் உள்ளே எடுங்கோ" என்று சொல்லிவிட்டு நான் சமையலுக்குப் போய்விட்டேன். அவர் கிளுவை வேலியை வெட்டுவதுபோல் நேராக இறக்கிவிட்டார். பச்சை இலைக்கு உள்ளே இருக்கும் பழுப்பு விறகு வரை. கிளுவை இரண்டு கிழமையில் துளிர்க்கும், பூவரசு துளிர்க்கும், முருங்கை கேட்கவே வேண்டாம். எந்த மரத்தை எப்படி வெட்டினாலும் தழைக்கும் என்பது எங்கள் ஊர்க் கைப்பழக்கம். துயா பழுப்பிலிருந்து துளிர்க்காது. ஐந்து வருடமாகிறது, அந்தப் பக்கம் இன்றைக்கும் மொட்டை. அவரில் பிழை இல்லை. நான் பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டும். பச்சை உள்ள நுனியை மட்டும், வருடத்துக்கு இரண்டு தரம், கொஞ்சம் கொஞ்சமாக.

உள்ளே பழைய இலை பழுத்துக் கொட்டுவது இயல்பு, பயப்படாதீர்கள். வெளிப்பக்கம் சாம்பல் பூத்து மங்கினால் மட்டும் ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கொப்பைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில புள்ளிகள் நடந்தால் அது சிலந்திப்பேன். கோடையில் வரும். குழாய் நீரை வேகமாக இலையின் அடிப்பக்கம் அடித்து மூன்று நாள் கழுவினால் எங்களுக்குப் போதுமாக இருந்தது.

2023 ஜூன் 4

ஒரு பெரிய திருத்தம்.

எங்கள் மரம் வாடைக்காற்றில் தெற்கே சரிந்தது என்று முதல் நாளே எழுதினேன். அப்பாவுக்கு இதில் எப்போதும் சந்தேகம். "வாடை இரண்டு மூன்று மாதம், சோளகம் ஐந்து மாதம், சோளகம்தான் பலம், அப்படியென்றால் வடக்கே அல்லவா சரிய வேண்டும்?" என்பார். 1995இல் பக்கத்தில் விழுந்த ஷெல்லால் வேர் அசைந்திருக்கும் என்று அம்மா சொல்வார். இரண்டுமே இல்லை.

போன கிழமை தண்டைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். பட்டை மெல்லிய தாள் மாதிரிச் சுருண்டு சுருண்டு உரிகிறது. மரமும் ஒடுக்கமாகத் தூண்போல் நிற்கிறது, அகன்ற கோபுரமாக இல்லை. அப்படியென்றால் இது நோர்போக் மரமே இல்லை, அதன் சகோதரமான குக் பைன், நியூ கலிடோனியாக்காரன். வெப்ப நாடுகளில் நோர்போக் என்று விற்கப்படுவதில் நிறைய இதுதான். கன்றில் இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம். பேராதனைப் பூங்காவில் வரிசையாக நிற்பவையும் குக் பைன்தான்.

2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஐந்து கண்டங்களில் 256 குக் பைன்களை அளந்திருக்கிறார்கள். அவை பூமத்திய ரேகையை நோக்கிச் சரிகின்றன! வடக்கில் இருப்பவை தெற்கே, தெற்கில் இருப்பவை வடக்கே. சராசரி எட்டரைப் பாகை. ரேகையிலிருந்து விலக விலகச் சரிவு கூடுமாம். நாங்கள் ரேகைக்குக் கிட்ட இருப்பதால் எங்கள் மரத்தின் சரிவு சின்னது, ஆனால் திசை அச்சொட்டாகத் தெற்கு. வாசித்துவிட்டு முற்றத்துக்கு ஓடிப்போய் மறுபடியும் பார்த்தேன். 34 வருடமாக அது காட்டிக்கொண்டிருந்ததை நாங்கள் காற்றுக்கும் ஷெல்லுக்கும் கணக்கு எழுதியிருக்கிறோம்.

அப்பா இப்போது இல்லை. அவர் சந்தேகப்பட்டது சரி என்று சொல்ல ஆளில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

2023 ஓகஸ்ட் 27

ரொறன்ரோவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருக்கும் ஓர் அண்ணா, அடுத்த முறை ஸ்புரூஸ் என்ற குளிர்நாட்டு ஊசியிலை மரத்தின் கன்று ஒன்றைச் சூட்கேசில் கொண்டுவரலாமா என்று கேட்கிறார். வேண்டாம் அண்ணா. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் செடி, மண் கொண்டுவர முடியாது. அந்தச் சட்டம் நல்லது, ஒரு பிடி மண்ணோடு எத்தனை நோய் வரும். தப்பி வந்தாலும் ஸ்புரூசுக்கு மாதக்கணக்கில் குளிர் வேண்டும். குளிர்ந்து உறங்கினால்தான் அடுத்த வருடம் தளிர் ஒழுங்காக வரும். எங்களுக்கு மார்கழி இரவில்கூடப் போர்வை ஒன்று போதுமே, அதற்கு எங்கே போவது.

பைன் விதை கொண்டுவருவது பற்றியும் கேட்டார். பைன் தனியாக வாழாது. வேரில் ஒரு பூஞ்சணம் கூட்டுச் சேர்ந்து மண்ணிலிருந்து பொசுபரசு எடுத்துக் கொடுக்க வேண்டும். போர்ட்டோ ரிக்கோவில் பல வருடம் பைன் நட்டு நட்டுப் பார்த்தார்கள், ஓரடி வளர்ந்து மஞ்சளாகிச் செத்தது. 1955இல் அமெரிக்காவின் பைன் காட்டு மண்ணைக் கொஞ்சம் கொண்டுவந்து போட்ட பிறகுதான் வளர்ந்தது. எங்கள் செம்மண்ணில் அந்தப் பூஞ்சணம் எங்கிருந்து வரும்?

ஊரை நினைத்துக் கேட்கிறார் என்று தெரிகிறது. அங்கே ஸ்புரூசைப் பார்த்து இங்கே நடுவதைவிட, இங்கே அம்மா வீட்டு வளவில் ஒரு குக் பைன் நட்டுவிட்டுப் போங்கள் அண்ணா. அடுத்த முறை வரும்போது உங்களைவிட உயரமாக நிற்கும்.

2023 டிசம்பர் 20

உச்சியை வெட்டாதீர்கள். ஒவ்வொரு மார்கழியும் யாராவது என்னிடம் கேட்கிறார்கள், "மேலே மூன்று அடி வெட்டித் தாங்கோ, நத்தாருக்கு வைக்க." நாங்கள் சின்னதில் சவுக்கங்கொப்பு ஒன்றைத் தகரத்தில் மண் நிரப்பி நட்டு, பஞ்சு வைத்துப் பாலன் குடிலுக்குப் பக்கத்தில் வைப்போம். அது இன்றும் நல்ல வழி. நத்தார் மரத்துக்கு ஒரு நுனிதான். சின்னம்மா வீட்டில் ஒருமுறை வெட்டினார்கள். கீழிருந்து இரண்டு நுனி போட்டி போட்டு எழும்பி, கவட்டையாகி, 2020 டிசம்பரில் வந்த புயலில் ஒன்று பிளந்து கூரையில் விழுந்தது.

பக்கக் கொப்பைக் கதியால் மாதிரி நட்டால் வருமா என்று கேட்பவர்களுக்கு: வேர் பிடித்தாலும் அது மரமாகாது. பக்கக் கொப்பு எத்தனை வருடமானாலும் தான் பக்கக் கொப்பு என்பதை மறக்காது, நிலத்தோடு படுத்துப் பாய்போலத்தான் வளரும்.

2024 ஜூலை 6

சுண்டுக்குளித் தம்பியின் படம் வந்தது. இரண்டாவது சோளகம். ஒற்றை மரம், நாலரை அடி, மேல் தட்டில் ஐந்து கொப்பு நட்சத்திரம் மாதிரி விரிந்திருக்கிறது. நுனி இளம்பச்சை. மாமா பக்கத்தில் நின்று கொடுப்புக்குள் சிரிக்கிறார்.

தம்பி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாங்குதடியோடு கட்டிய நைலோன் கயிறு தண்டில் பதியத் தொடங்கியிருக்கிறது, மேலே ஒரு வீக்கமும் தெரிகிறது. தண்டு இனித் தானாக நிற்கும், காற்றில் ஆடினால்தான் தடிக்கும். இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். இழுக்க வேண்டாம், முடிச்சில் வெட்டி எடுங்கள்.